ஐந்து இலக்கம்

ஒன்பதை அழுத்தணும். டோன் மாறும்.
அப்புறம் உங்களுடைய ஐந்து இலக்கம்.
குட்டியாய் ஒரு பீப். பிறகு பூஜ்யம், ஊர் எண், ஆள் எண்.
எஸ்டிடி பேசியது சம்பளத்தில் பிடிக்கப்படும்.
இலக்கத்தை யாருக்கும் சொல்லாதீர்.
தமிழிலும் உருதுவிலும் தட்டச்சு செய்து
பஞ்ச் கார்டு பலகைக்குப் பக்கத்தில் ஒட்டியது நான்தான்.

ராணிப்பேட்டை சிப்காட், தோல் கம்பெனி, அக்கவுண்ட்ஸ்.
குரோம் நாற்றம் மூக்குக்குப் பழகி
இப்போதெல்லாம் மல்லிகைதான் விநோதம்.

முதல் தேதி பிரிண்டர் கரகரவென்று கக்கும்
ஓரத்தில் துளையிட்ட பச்சைக்கோட்டுத் தாள்:
இலக்கம், நாள், நேரம், எண், நொடி, ரூபாய்.
என்ன பேசினார்கள் என்று அதில் இராது.
ஆனாலும் தெரிந்துவிடும்.
ஃபினிஷிங் தணிகைவேல் குடியாத்தத்துக்கு
தினம் ஒன்று பத்துக்கு, ஐம்பத்தெட்டு நொடி,
அறுபதாக விடமாட்டான்.
ஏற்றுமதி இம்தியாஸ் பேசியதெல்லாம்
அலுவலகம் என்றே டிக் அடிப்பார்;
ரம்ஜான் மாதம் மட்டும் மனசு கேட்காமல்
ஒன்றிரண்டைச் சொந்தம் என்று மாற்றித் தருவார்.
இரண்டே கட்டம்தான் அந்தத் தாளில்.
அலுவலகம். சொந்தம்.

மே மாதப் பட்டியலில்
சாம்பிள் பிரிவு ஹெப்சிபாவுக்கு
முந்நூற்றுப் பன்னிரண்டு ரூபாய்.
நாசிக். எல்லாமே நாசிக்.
இரவு பதினொன்று நாற்பது, பதினொன்று நாற்பத்திரண்டு.
பதினொன்றுக்கு மேல் கால் கட்டணம்;
அது தெரிந்த ஆள்.

"அஞ்சரை பஸ்ஸுல வாலாஜா போயிடறேன் சார்,
நாசிக்ல எனக்கு யாரு?"
எழுதி வைக்கும் பழக்கமே இல்லையாம்,
காலண்டரில் இல்லை, டிபன் பாக்ஸ் அடியிலும் இல்லை.
மேசைமேல் வெறும் விரலால் அழுத்திக் காட்டினாள்:
நடு, மூலை, நடு, கீழே, மூலை.
காட்டும்போதே திரும்பிப்
பின்னாலிருந்த சன்னலைப் பார்த்தாள்.
கண்ணாடிக்கு அந்தப்பக்கம் வாட்ச்மேன் ஸ்டூல்.

எட்டு மணி ஷிப்டுக்கு ஐந்துக்கே
அம்மூரிலிருந்து சைக்கிளில் வந்துவிடுவார் ஏகாம்பரம்.
கூப்பிட்டேன். மறைக்கவில்லை.
"நம்பரு என்னான்னு தெரியாதுங்க.
அந்தப் பொண்ணு வெரலு போற வழி தெரியும்."
பீரங்கிப் படையில் மகன்.
காவல் அறையில் யாராவது எடுப்பார்கள்,
இந்தியில் என்னவோ சொல்வார்கள்,
"ஜலகண்டேசன், ஜலகண்டேசன்" என்பார் இவர்,
அவர்கள் வாயில் நுழையாத பெயரை.
சிலநாள் கூட்டி வருவார்கள்.
சிலநாள் ரிசீவர் மேசையில் கிடக்க
பூட்ஸ் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார்.
அதற்கும் நொடிக்கணக்கு.

விதிப்படி மேனேஜருக்கு எழுதவேண்டும்.
இலக்கம் மாற்றும் படிவத்தை ஹெப்சிபாவிடம் நீட்டினேன்.
நிரப்பினாள். பட்டியலுக்கு வந்ததும்
பேனா கொஞ்சநேரம் காகிதத்தில் படவில்லை.
பிறகு சொந்தம். டிக்.
அவள் என்னைப் பார்க்கவில்லை.
மேனேஜருக்கு எழுத எடுத்த தாளில்
நான் வேறு கணக்குப் போட்டேன்.

ஜூனில் புது இலக்கம்.
சன்னலுக்குப் பழுப்புத்தாள் ஒட்டச் சொன்னேன்.
முதல் வாரம் இரவுகள் காலி.
எட்டாம் தேதி பதினொன்று நாற்பதுக்கு மறுபடி நாசிக்.
போய்ப் பார்த்தேன்.
தாளில் ஒரு மூலை கிழிந்திருந்தது,
உள்பக்கத்திலிருந்து.

பதினான்கில் ஊர் எண் மாறியது.
பூஜ்யம் ஒன்று ஒன்பது ஒன்று.
புத்தகத்தைப் புரட்டினேன்: ஜம்மு.
கேண்டீன் டிவியில் அப்போது
மலையும் புகையுமாகவே காட்டிக்கொண்டிருந்தார்கள்.
ஒன்பது நொடி. பதினோரு நொடி. ஆறு நொடி.
யாரோ எடுத்து, இல்லை என்று சொல்லி, வைக்க
ஆகிற நேரம்.
ஒரே இரவில் பத்தொன்பது தடவை.

ஜூலை ஒன்று. பட்டியலை மடித்து
அவள் மேசைக்கு நானே கொண்டுபோனேன்.
வரிவரியாய் டிக் அடித்துவந்தவள்
கடைசி வரியில் நின்றாள்.
நேற்று, பதினொன்று ஐம்பத்தொன்று.
ஜம்மு இல்லை, நாசிக்கும் இல்லை, சண்டிகர்.
நான்கு நிமிடம் இருபது நொடி.
"இது பேசியிருக்காங்க, இல்ல சார்?"
யார் என்று தாளில் இல்லை.
மகனா, டாக்டரா, வேறு யாருமா.

கிழிந்த மூலை வழியே இருவரும் பார்த்தோம்.
ஸ்டூல் காலி.
ஐந்தாக இன்னும் இருபத்தைந்து நிமிடம் இருந்தது.