முந்நூற்றுப் பத்து கிராம்

பந்தலூரில் ஜூலை என்றால்
மழைக்கும் மழைக்கும் நடுவே
இன்னொரு மழை.
பிரசவ அறைச் சன்னலில் ஓர் அட்டை
கண்ணாடியைச் சாண் சாணாக அளந்துகொண்டிருந்தது.
மூன்று நாற்பதுக்குப் பவளராணிக்குப் பெண்.
ஆயிரத்து எண்ணூறு கிராம்.
அழுதாள், சிக்கனமாக.

பின்னால் வந்தது நஞ்சு.
அப்படித்தான் சொல்கிறோம்.
ஒன்பது மாதம் ஊட்டியதற்கு
நாம் வைத்த பெயர் அது.

கழுவி, விளக்கின் கீழ் விரித்தேன்.
துண்டெதுவும் உள்ளே தங்கிவிட்டதா என்று பார்ப்பது விதி.
தங்கவில்லை.
ஆனால் என் இரண்டு உள்ளங்கைகளிலும்
மீதி இடம் இருந்தது.
மெலிந்த விளிம்பு, வெளுத்த திட்டுகள்,
விரலில் மணல் போல ஏதோ நெருடியது.
தராசு முந்நூற்றுப் பத்து என்றது.

"ஒரு மூடிதான் சிஸ்டர்."
நான் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள், கூரையிடம்.
"படங்கு கட்டி எறங்கினா இடுப்பு வரைக்கும் ஈரம்.
அட்டைக்குப் பொயல, குளிருக்கு பிராந்தி.
சாயத்தண்ணியில ஊத்தினா வாடை தெரியாது.
கொடி வடிகட்டிரும்னு
லயத்துல எல்லாரும் சொன்னாங்க."

வடிகட்டி.
கொழுந்து பறிக்கிறவளுக்குத் தெரியாததா?
தூளை நிறுத்தும்.
சாயத்தை எந்த வடிகட்டி நிறுத்தியது?

தாயின் ரத்தம் இந்தப் பக்கம், பிள்ளையுடையது அந்தப் பக்கம்,
நடுவே நனைந்த தாளினும் மெல்லிய சுவர்.
சோறு போகும் வாசலில்தான் பிராந்தியும் போகிறது,
ஒரு மணி நேரத்துக்குள், ஏறக்குறைய அதே அளவில்.
அங்கே இருக்கும் ஈரலுக்கு
இன்னும் வேலை தெரியாது.
போகும் வழியில் சுவரும் குடிக்கிறது.
குழாய்கள் இறுகுகின்றன.
கிளைக்க வேண்டியது
கிளைக்க மறந்துபோகிறது.

இதில் ஒன்றையும் அவளிடம் சொல்லவில்லை.
தையல் போட்டுக்கொண்டிருந்தேன்.
பிராந்தி மட்டும்தானா என்றால்
அதுவும் எனக்குத் தெரியாது.
ரத்தம் எட்டு புள்ளி இரண்டு,
எட்டாம் மாதம் வரை முதுகில் இருபது கிலோ பச்சை இலை.
நஞ்சு சாட்சி சொல்வதில்லை,
எடை மட்டும் சொல்லும்.

அவளுடைய அட்டையைப் புரட்டினேன்.
(இது கடிக்காத அட்டை என்று அதுவரை நினைத்திருந்தேன்.)
ஐந்தாம் மாதம். மது: இல்லை.
என் கையெழுத்து.
அன்று நூற்றுப் பதினாறு பேர், ஒரே மேசை.
கேட்டதாக நினைவில்லை.
பொம்பளைதானே என்று
பேனாவே எழுதிக்கொண்டது.

வெளியே யோகநாதன், கையில் ஈரத் துவாலை.
"அதக் குடுங்க சிஸ்டர், பொதைக்கணும்.
எங்கப்பாவோடது கண்டிப் பக்கம் கெடக்கு.
இவளோடதாவது இங்க இருக்கட்டும்."
அவன் மூச்சிலும் அதே வாடை.
அவனிடம் கேட்க
எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.
மஞ்சள் பையில் போட்டு எரிக்க அனுப்பு என்கிறது சட்டம்.
பையைக் கட்டினேன்.
பிறகு அவிழ்த்தேன்.

உள்ளிருந்து அவள் குரல்:
"நஞ்சு முழுசா வந்துருச்சா?"
"வந்துருச்சும்மா."

செவ்வாய்க்கிழமை.
பேனாவை மூடி வைத்துவிட்டு,
ஸ்டூலை மேசையின் இந்தப் பக்கம் இழுத்துப் போட்டு,
மழைக்கு என்ன குடிப்பீங்க என்று கேட்டேன்.
முதல் பெண் சிரித்தாள்.
அடுத்தவள் திரும்பிக் கதவைப் பார்த்தாள்,
பிறகு அதைச் சாத்தச் சொன்னாள்.
வெளியே வரிசையில்
இன்னும் நூறு குடைகள்.