மிதி

மேற்குச் சுவர் இருபத்திரண்டு அடி.
நான் அளக்கவில்லை.
சன்ஷேடிலிருந்து இறங்கிய மழைக்கறை
நாலு வருஷமாக அளந்துகொண்டிருந்தது.
பக்கத்து வீட்டுக்கும் எனக்கும் நடுவில்
மூன்றடிச் சந்து.
அதில் ஒன்றரை அடி கோர்ட்டில் இருக்கிறது.

சவுக்குக் கம்பில் சாரம் கட்டிரலாம்
என்றார் காசிமாயன்.
கட்ட ஒரு நாள், அவிழ்க்க அரை நாள்.
குறுக்குக் கம்பு நிற்கச் சுவரில் பொந்து போட வேண்டும்,
அறுபதாவது ஆகும்,
முடிந்ததும் பூசிவிடலாம்.
பூசினது தெரியுமா?
"உங்களுக்குத் தெரியும்.
ரோட்ல போறவனுக்குத் தெரியாது."

இரும்புச் சட்டம் நாலடி அகலம்.
சந்துக்குள் நுழையாது.
நுழைந்தாலும்
மேல்மூலையில் கரண்டு வயர்
கைக்கெட்டும் தூரத்தில் தொங்குகிறது.
தொங்கு சாரமென்றால்
மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் கட்ட வேண்டும்.
பி.எப். கடன் தீர்ந்துபோன மாதத்தில்
அரைச் செங்கல்லில் எழுப்பிய சுவர் அது.
துணிக்கொடிக்கே முனகும்.

வில்லாபுரம் நூருல்லா வாடகைக் கடையில்
புதிதாக ஒன்று இறங்கியிருந்தது.
இரண்டு மரத்தூண்,
தூணுக்கொரு இரும்புப் பிடி,
குறுக்கே பலகை.
மிதித்தால் பிடி தூணைக் கவ்வி
நாலு விரற்கடை ஏறும்.
மறுபடி மிதித்தால் மறுபடி.
"ஏறக் காலு, இறங்கக் கையி"
என்று கைப்பிடியைச் சுழற்றிக் காட்டினார்.
நாள் வாடகை அறுநூறு, முன்பணம் ஐயாயிரம்.
தூணைச் சுவரோடு பிடிக்க ஆறு போல்ட்.
ஆறா அறுபதா என்று
ரசீதின் முதுகில் கணக்குப் போட்டேன்.
"ஒண்ணு மட்டும்" என்றார் நூருல்லா.
"ரெண்டு பேரும் ஒரே நேரத்துல மிதிக்கணும்.
ஒருத்தன் முந்துனா பலகை சாயும்."

காசிமாயன் காதிலிருந்த பீடியை எடுத்தார்,
பற்றவைக்காமல்
அதே காதில் செருகினார்.

சித்தாள் ஒச்சம்மாதான் பிறகு சொன்னாள்.
அந்தக் கடைசியில் சுண்ணாம்பு சுரண்டுகிற சோணைமுத்து
காசிமாயனின் தங்கை புருஷன்.
காதுகுத்தில் மாமன் வைத்தது பத்தாயிரம்.
மொய்நோட்டில் ஆயிரம்.
"ஒரு சைபர்தாங்க்கா.
ஏழு மாசமாப் பேச்சில்ல."

அப்படியென்றால் சவுக்கே கட்டிவிடலாம் என்றேன்.
"அறுபது பொந்து வேணாம்" என்றார் காசிமாயன்,
என்னைப் பார்க்காமல்.
சந்தின் அந்தக் கடைசியிலிருந்து
"ஒச்சு, எந்தக் காலுன்னு கேளு."
"வலது காலுன்னு சொல்லு."

திங்கட்கிழமை ஒச்சம்மா
காலிப் பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்து வைத்து
குச்சியால் தட்டினாள்.
டொக்.
சமையலறை ஜன்னலுக்கு வெளியே
இரண்டு தலை, நான்கு தோள்.
டொக்.
குழம்பில் புளி கரைத்து ஊற்றுவதற்குள்
இடுப்புகள்.
டொக். கைலி மடிப்பு, முட்டி,
சோணையின் கணுக்காலில் பழைய தீத்தழும்பு.
பிறகு பலகையின் அடிப்பாகம்,
அதில் யாரோ முன்பு சிந்திய
வேறொரு வீட்டின் பச்சை.

புதன்கிழமை டீ வாங்கப் போனவள்
பஸ் ஸ்டாண்டு வரை போய்விட்டாள்.
டப்பா கவிழ்ந்தபடி கிடந்தது.
அடுப்பை அணைத்துவிட்டுக் காது கொடுத்தேன்.
ஒரு சொல் இல்லை, ஒரு செருமல்கூட.
இரும்பு மட்டும்
இரண்டு பக்கமும் ஒன்றாகக் கடித்தது.
பலகை ஏறியது.
அதன் மேல் வைத்திருந்த தண்ணீர் வாளி
தளும்பவில்லை.

சனிக்கிழமை சம்பளம் எடுத்து வந்தேன்.
"தனித்தனியாக் குடுங்க" என்றார் காசிமாயன்.
சோணைமுத்து இரண்டு தரம் எண்ணினார்.

தூண்கள் நின்ற இடத்தில் இரண்டு குழி,
இரண்டும்
கோர்ட்டில் இருக்கிற பக்கம்.
பக்கத்து வீட்டுக்காரர் குனிந்து
போனில் படம் எடுத்துக்கொண்டார்.
வாய்தா ஆகஸ்ட் பதினெட்டு.