இருநூற்றுப் பன்னிரண்டு குச்சிகள்

மயிலுக்குக் கழுத்து நிற்கவில்லை.
மூன்றாவது அன்னாசியும் சாய்ந்தது.
இரவு ரெண்டேகால்.
கரண்ட் ஒருமுறை போய் வந்துவிட்டது.
தர்பூசணித் தோலில் கோடு போட
சென்னியப்பன் சாக்பீஸை எடுக்கிறார்,
கையைத் தட்டிவிட்டேன், தின்கிற சாமான்.

பகலெல்லாம் பனியன் துணியை
நூற்றிருபது அடுக்கு வைத்து
ஒரே வீச்சில் அறுக்கிற கை.
"துணின்னா தப்புனா ஒட்டுப் போட்டுக்கலாம்,
இது ஒழுகுதே" என்கிறார்
பழத்தின் மேல் குற்றம் போல.

உடம்புக்கு முலாம்பழம்.
தோகைக்குப் பன்னீர் திராட்சை, இடையிடையே கிவி.
அலகுக்குக் காரட் நுனி.
ஆப்பிள் வில்லைகளை எலுமிச்சைத் தண்ணீரில் போட்டிருக்கிறேன்,
விடிவதற்குள் கறுத்துவிடக் கூடாது.
கண்ணுக்கு மட்டும் பழம் எதுவும் ஒத்துவரவில்லை.
அஞ்சறைப் பெட்டியைத் திறந்து
ஒரு மிளகு வைத்தேன்.
பார்த்தது.

குச்சிகளை எண்ணித்தான் குத்துவேன்.
அவிநாசியில் ஒருவர் குச்சியோடு கடித்து
உதடு கிழிந்ததிலிருந்து.
இருநூற்றுப் பன்னிரண்டு.
பால் கணக்கு நோட்டில் குறித்து வைத்தேன்.

குட்டியானை வண்டியில்
மயிலை மடியில் வைத்துக்கொண்டு
பல்லடம் ரோட்டில் இருபதில் போகச் சொன்னோம்.
அருள்புரம் வேகத்தடையில் தோகை ஒருபக்கம் இறங்க
டிரைவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

கோழித்தீவனக் கம்பெனிக்காரர் வீடு.
ஒன்பதாம் பிறந்தநாள்.
"கேக்கே வேண்டாம்னுட்டமுங்க,
புள்ளைக்குச் சர்க்கரை.
பழம்னா ஒடம்புக்கு நல்லதுதானுங்களே"
என்றது அந்தம்மா.
நான் தலையாட்டினேன்.
ஆர்டர் என்றால் ஆட்டத்தானே வேண்டும்.

பிறந்தநாள்காரி வந்தாள்.
பட்டுப்பாவாடை மேல்
கண்டக்டர் பை மாதிரி ஒன்று இடுப்பில்.
ஹர்ஷவர்தினி.
மயிலைச் சுற்றி ஒரு நடை நடந்தாள்,
லாரியில் லோடு பார்க்கிறவள் போல.
"ஆன்ட்டி, இந்த ஒரு எறகுல எத்தனை திராட்சை?"

என்ன ரேட்டு என்பார்கள்.
நீங்களே செஞ்சதா என்பார்கள்.
எத்தனை என்று
இதுவரை யாரும் கேட்டதில்லை.

"முப்பத்தாறு கண்ணு."
உதடு அசையாமல் ஒரு கணக்கு ஓடியது முகத்தில்.
"அவ்வளவு ஆகாது. பன்னெண்டு.
பப்பாளி ரெண்டு துண்டு.
அன்னாசி இன்னைக்கி வேண்டாம்."

"பழந்தானே சாமி, சாப்புடு"
என்றது அந்தம்மா.
"பழத்துலயும் இருக்குதும்மா."
சண்டை இல்லை அந்தக் குரலில்.
மூன்றாம் வாய்ப்பாட்டை
நான்காம் முறை சொல்லித் தருகிற டீச்சரின் களைப்பு.

பிறகு என்னிடம், மெதுவாக,
"கண்ணு எதுல செஞ்சீங்க?"
"மிளகு."
"அதுக்கு ஊசி வேண்டாம்."
பிடுங்கி வாயில் போட்டுக் கடித்தாள்.
மூக்கு சிவந்து, கண்ணில் தண்ணீர் முட்டிச்
சிரித்தாள், தும்மினாள், சிரித்தாள்.

போட்டோக்காரர் அப்போதுதான்
வாசலில் செருப்பைக் கழற்றுகிறார்.
மேசை மேல் குருட்டு மயில்.
சென்னியப்பன் சட்டைப்பையில் விரலை விட்டார்.
உபரிப் பொத்தான் போல
இன்னொரு மிளகு வைத்திருந்தார் மனுசன்.
"அதையும் குடுங்க" என்று கையை நீட்டினாள்.

கொடுத்துவிட்டார்.
போட்டோ கண்ணில்லாமல்தான் விழுந்தது.

எட்டரைக்கு வெறும் தட்டு.
தோகை போன இடத்தில் தண்ணீர்.
பிரியாணி வாசத்தோடு வந்து
பொடுசுகள் முலாம்பழத்து ஓட்டைக் கூடச்
சுரண்டிவிட்டுப் போயிருந்தன.

வீடு வந்து குச்சிகளைக் கழுவி
நாளிதழில் பரப்பி எண்ணினேன்.
இருநூற்றுப் பதினொன்று.
மறுபடி.
பதினொன்றுதான்.
சென்னியப்பன் பையை உதறினார்,
வண்டிக்காரருக்குப் போன் போட்டார்,
என் கொண்டையைக் கூடத் தடவிப் பார்த்தார்.

பத்து மணிக்கு அந்த வீட்டுக்கு அடித்தேன்.
அவளே எடுத்தாள்.
படுக்கும் முன் விரல் குத்திப் பார்க்கிற நேரமாம்.

"கண்ணு, குச்சி ஒண்ணு கொறையுது,
யாராச்சும் முழுங்கிட்டாங்களான்னு..."

"எங்கிட்ட இருக்குது ஆன்ட்டி.
எண்ணுவீங்களான்னு
பாத்தேன்."