ஐந்தரை

கொருஷ் ஊர்க் காடுகளில்
மரத்துக்கு எண் எழுதுவார்கள்:
பட்டை உரித்த ஆண்டின் கடைசி இலக்கம்,
வெள்ளைச் சாயத்தில்.
அடுத்த கோடரி ஒன்பது ஆண்டு கழித்துத்தான்.
பொறுத்திருக்கத் தெரிந்த மரங்கள்.
அபீலியு அப்படியில்லை.

"ஆற்றங்கரைப் பட்டையா, மேட்டுப் பட்டையா?
வெள்ளிக்கிழமைக்குள் சொல்."
மேட்டுக்காடு சுல்மீராவுடையது.
அவள் தக்கையில் பூஞ்சை வாடை கூடுதலாம்.
ஒப்பந்தத்தை முறிக்கப்
பேனாவைத் திறந்தே வைத்திருக்கிறார் முதலாளி.

எண்ணூறு கண்ணாடிக் குவளை,
காட்டுக்கு நானூறு.
ஒவ்வொன்றிலும் ஒரு தக்கை, ஓர் இரவு ஊறியது.
எது எந்தக் காடென்று எனக்கே தெரியாது,
விவரம் ஒட்டிய உறைக்குள்.
நாலு நாளாய் முகர்கிறாள் இடலினா.
காபி இல்லை, ஷாம்பூ இல்லை,
கட்டியவனையும் பக்கத்தில் விடுவதில்லை.
மத்தி மீன் விற்கிறவன், பாவம்.

உறையைப் பிரித்தோம்.
ஆற்றங்கரையில் பதினெட்டு.
மேட்டில் முப்பத்தொன்று.
"பார்த்தாயா, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு!"

வித்தியாசமே இல்லை என்று வைத்துக்கொள்கிறேன்.
நம்பி அல்ல;
குற்றம் சாட்டப்பட்டவளுக்கு
ஒரு வக்கீலாவது வேண்டாமா.
இரண்டு காட்டையும் ஒரே குவியலாகக் கொட்டினால்
எண்ணூறில் நாற்பத்தொன்பது நாறும்.
அதிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு
நானூறு நானூறாய் அள்ளினால்
இத்தனை பெரிய இடைவெளி
நூற்றுக்கு எத்தனை தடவை தானாகவே வரும்?

ஐந்தரை.

ஐந்துக்குக் கீழே இறங்கியிருந்தால்
மை காய்ந்திருக்கும் இந்நேரம்.
ஐந்து என்று கோடு கிழித்தவர்
ஒரு தக்கையையாவது முகர்ந்திருப்பாரா, தெரியாது.
ஆனால் குவளை நிரப்பும் முன்பே
நான் ஒப்புக்கொண்ட கோடு.
அளந்த பிறகு படியை மாற்றுவது
வேறு தொழில்.

வித்தியாசம் எங்கிருந்து எங்குவரை இருக்கலாம் என்று
தாளில் இழுத்துக் காட்டினேன்.
ஒரு முனை ஆறரைச் சதவீதம் தாண்டி.
மறுமுனை பூச்சியத்தைக் கடந்து
அந்தப் பக்கம் நகக்கண் அளவு.
அந்த நகக்கண்ணில் நிற்கிறாள் சுல்மீரா,
தன் ஆயிரம் மரங்களோடு.

"அப்படியானால் இரண்டும் ஒன்று என்கிறாய்?"
இல்லை.
"வேறு வேறு?"
அதையும் சொல்லவில்லை.
"பின்னே உனக்கு எதற்குச் சம்பளம்?"

தெரியாது என்பதில்
எவ்வளவு தெரியாது என்று சொல்ல.
மனசுக்குள்தான் சொன்னேன். வாடகை பாக்கி.

மதியம் கை சும்மா இருக்கவில்லை.
காட்டுக்கு இருபத்தைந்து தக்கை எடுத்து
விட்டம் அளந்தேன். யாரும் கேட்கவில்லை.
சராசரி இருபத்துநாலு மில்லிமீட்டர்,
இரண்டு பக்கமும், அச்சு அசல்.
பதம் பார்க்க ஒரு சோறு போதும்.
சிதறல் பார்க்க
இரண்டாவது சோறு இல்லாமல் முடியாது.

ஆற்றங்கரைத் தக்கைகள்
சராசரியை ஒட்டி உட்கார்ந்திருந்தன.
மேட்டுத் தக்கைகளில் ஒன்று தடித்து, ஒன்று இளைத்து,
பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள்
கல்யாணப் புகைப்படத்துக்கு நிற்பதுபோல்
தள்ளித் தள்ளி.

முதலில் புள்ளிகளை வரைந்து பார்த்தேன்,
நடுவில் குவிந்து ஓரத்தில் சரிகின்றனவா என்று.
இந்தச் சோதனை கோணலை மன்னிக்காது.
பிறகு மாறுபாட்டை மாறுபாட்டால் வகுத்தேன்.
இரண்டேகால் சொச்சம் தாண்டினால் வாய் திறக்கும் எண்
இரண்டே முக்கால் தாண்டி நின்றது.

காடு விட்டம் வெட்டுவதில்லை.
மேட்டுப் பட்டை முழுக்க
இரண்டாம் எந்திரத்தில் ஏறியிருந்தது.

வெனான்சியு குழாய்க்கத்தியைக் கழற்றி
என் உள்ளங்கையில் வைத்தான்.
பொக்கை விளிம்பு.
"மார்ச்சிலேயே புதுசு கேட்டேன்.
கையெழுத்து வரவில்லை."

மாலையிலும் பேனா திறந்தே இருந்தது.
அதன் அடியில்
கத்திக்கான சீட்டை நகர்த்தி வைத்தேன்.
வாடை பற்றிய அறிக்கையில் ஒரே வரி:
பழையதோடு சேர்க்காமல்
புதிதாக ஆயிரத்து அறுநூறு குவளை தேவை.

நாலு நாளில் முதல் காபியை
உதட்டருகே கொண்டுபோன இடலினா
அப்படியே நிறுத்தி
என்னைப் பார்த்தாள்.