தலைமடைக்காரன்

இருபத்திரண்டு வருஷமாய்
எங்கள் கோயிலில் கல்யாணம் என்றால்
வாசகம் நான்தான்.
உனக்கு மைக்கே வேண்டாம் என்பார் பங்குச்சாமி.
மதகில் நின்று தண்ணீர் இரைச்சலுக்கு மேல்
கத்திப் பழகிய தொண்டை.

மனைவிக்கு எழுதிய வரியை
நிறுத்தி, நிதானமாய்,
பெண்கள் பக்கம் பார்த்து வாசிப்பேன்.
கணவனுக்கு எழுதியது அதைவிட நீளம்.
பந்திக்கு நேரமாச்சு என்பதுபோல்
அதை மட்டும் ஓட்டிவிடுவேன்.
யாரும் கேட்டதில்லை.
தலை என்ற சொல் வந்ததும்
என் தலை கொஞ்சம் நிமிரும்.
அதுவும் பழக்கம்தான்.

பெயர் ஞானாதிக்கம்.
'ஞானத்த எங்கயோ விட்டுட்டு
மிச்சத்த வச்சிருக்கீங்க'
என்பாள் இருதயம், சிரிக்காமல்.

மேட்டூர் திறந்து பத்தொன்பதாம் நாள்,
தங்கை மகள் பௌலினாவுக்குக் கல்யாணம்.
கருக்கலில் ஷட்டரை மூன்று சுற்று ஏற்றிவிட்டு
கிரீஸ் கையைச் சீயக்காய் போட்டுக் கழுவி
வெள்ளைச் சட்டையில் போய் நின்றேன்.
'திருமுகத்திலிருந்து வாசகம்.'

திருமுகம் என்றால் கடிதம்.
இத்தனை வருஷம் வாசித்தும்
அன்றுதான் உறைத்தது.

மூன்றாவது வரிசை, ஜன்னலோரம்,
மாம்பழக் கலர் சேலையில் அவள்.
அவள் பெயருக்கு வந்த கடிதம்
பதினோரு நாளாய்
என் நீர்மட்டப் பதிவேட்டுக்குள் இருக்கிறது.
அங்கன்வாடி வேலை, நேர்காணலுக்கு வரவும்.
ரெண்டு பஸ் மாறணும்,
வீட்டை யார் பார்ப்பது,
இந்த வயசில் எதற்கு என்று
அவளைக் கேட்காமலே
அவளுக்கும் சேர்த்துப் பதில் சொல்லிக்கொண்டேன்.
யாருக்கோ எழுதியதை ஊருக்கே உரக்கப் படிக்கிறேன்,
இவளுக்கு எழுதியதை...

நீளமான பகுதி கண்முன் கிடந்தது.
இந்த முறை ஓடவில்லை.
சொல்லுக்குச் சொல் இடறியது.
மாப்பிள்ளைப் பையன் நெளிந்தான்.
பின்னால் யாரோ இருமினார்கள்.
பங்குச்சாமி டம்ளரில் தண்ணீர் நீட்டினார்.

தலை.
எனக்குத் தெரிந்த தலை ஒன்றுதான், தலைமடை.
தண்ணீர் முதலில் வந்து சேரும் இடம்.
தங்கும் இடமில்லை.
அங்கே ஒருத்தன் அடைத்துக்கொண்டால்
கடைமடையில் நாற்று கருகும் வாசனையை
சைக்கிளில் போய் நானே முகர்ந்திருக்கிறேன்.
அடைத்தவன் வாசலில் நின்று
சண்டையும் போட்டிருக்கிறேன்,
அரசாங்கச் சம்பளத்தில்.

பந்தி முடிந்து திரும்பும் வழியில்
வண்டியை மதகடியில் நிறுத்தி
பதிவேட்டைப் பிரித்து எடுத்துக் கொடுத்தேன்.
நின்றபடியே கடிதத்தைப் படித்தாள்.
பிறகு உறையின் மேல் தபால் முத்திரையை.
பிறகு என்னை.

'நேர்காணல் நாளைக்கு.'
மன்னிப்பு என்று ஏதோ ஆரம்பித்தேன்.
'அத அப்புறம் பேசலாம்.
மொத பஸ் எத்தன மணிக்கு?'

அன்று அதற்கு மேல் பேச்சில்லை.
ராத்திரி, மடங்கிப்போன சான்றிதழ்களை
ஜெபப் புத்தகத்துக்கு அடியில் வைத்து
நேராக்கினாள்.
நான் கொசுவலையைக் கட்டினேன்,
அவள் பக்கத்திலிருந்து முதலில்.

விடிய ஐந்தேகாலுக்குப் பஸ்.
எலுமிச்சைச் சாதம் நான்தான் கட்டினேன்.
உப்புப் போட்டேனா என்று
இப்போதும் சந்தேகம்.
படியில் கால் வைத்தவள் திரும்பி,
'மதகு தெறந்தாச்சா?' என்றாள்.
விசாரிப்பா, குத்தலா, தெரியவில்லை.
ஆச்சு என்று வாய்வரை வந்தது.

'இன்னும் இல்ல.'

பஸ் நகர்ந்தது.
கீழூர்க்காரர்கள் நாலு தடவை
போன் அடித்திருந்தார்கள்.
சாவியோடு ஓடினேன்.