ஐம்பது, இருநூறு

"ரெண்டையும் கொண்டுபோய்ப் பாருங்க,
திங்கட்கிழமை ஒண்டு எனக்குத் திரும்பி வரணும்"
என்றார் காத்தான்குடி ஜவ்பர்,
என் சீட்டுக்காசை எண்ணாமலே லாச்சிக்குள் போட்டபடி.

ஒன்று ஐம்பது. ஐம்பது மட்டும்.
சம்பல் கிண்ணம் அளவு, உள்ளங்கைக்குள் அடங்கும்.
மற்றது பதினெட்டில் தொடங்கி இருநூறு வரை
நீளும், சுருங்கும்,
கழுத்தை இழுக்கும்.

வாற வெள்ளி களுதாவளையில் சாமத்தியச் சடங்கு.
முன்பணம் வாங்கிச் செலவழித்தும் ஆயிற்று.
மாமன்மாரின் முதுகுகள் எனக்கு முன்னால்
வேலி போட்டு நிற்கும், தெரியும்.
வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்க இருநூறு வேண்டும்.
கரண்ட் போனால்,
குத்துவிளக்கு வெளிச்சத்தில் புள்ளையின் முகத்தை எடுக்க
ஐம்பதுதான் வேண்டும்.
இரவெல்லாம் இப்படியே.
விடிய, பஸ் ஏறிக் குருமண்வெளிக்குப் போனேன்.

இங்கே பாதை என்றால் மிதப்பது.
இரும்புத் தட்டில் ஆறு மோட்டார் சைக்கிள், ஒரு ஐஸ்பெட்டி,
குடை பிடித்த இரண்டு டீச்சர்மார், நான்.
எழுவான்கரை பின்னால் போக
படுவான்கரை அவசரப்படாமல் வந்தது.

துறை தெரியத் தொடங்கியதும் இருநூறுக்குத் திருகினேன்.
கரை வர முன்னமே
அவள் வந்துவிட்டாள்.
மண்டூர்த் துறையில் சைக்கிளைப் பிடித்தபடி ஒரு பெண்,
கரியரில் நிமிர்த்திக் கட்டிய ஸ்டாண்ட் ஃபேன்
சரியாகத் தலைக்குப் பின்னால்.
இருநூறில் தூரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.
துருப்பிடித்த கூடு திருவாசி ஆயிற்று.
திருவாசிக்குள் நின்று அவள்
மூக்கைச் சொறிந்தாள், கொட்டாவி விட்டாள்.
ஒன்பது தரம் அழுத்தினேன்.

மறுகா, குனிந்து, காற்றுக்கு முதுகு காட்டி,
உப்பு உள்ளே போகாமல் மூச்சையும் அடக்கி
ஐம்பதை மாட்டினேன்.
இனி என் கால்தான் சூம்.

பாதை முட்டியது. இறங்கி நடந்தேன்.
பத்து அடியில் அவளைச் சுற்றி நிறைய வானம்.
ஆறில் ஆள் சரி, ஃபேன் ஒதுங்கிப் போயிற்று.
மூன்றில் காதோரம் நரை, கழுத்தில் வியர்வை,
ஃபேன் கம்பியில் பழைய சிலந்திக்கூடு.
கமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனேன்.
"இதக் கொஞ்சம் பிடிகா,
கயிறு அவிழுது, பாதை வெளிக்கிடப் போகுது."

கமரா வயிற்றில் தொங்க
இரண்டு கையாலும் ஃபேனைக் கட்டிப்பிடித்தபடி
வந்த பாதையிலேயே திரும்பினேன்.
மண்டூரில் நான் நின்றது நாலு நிமிஷம்.
ஐம்பதில் ஒரு படமும் இல்லை.

பெயர் தங்கேஸ்வரி.
புழுக்கத்தில் மகன் நித்திரை கொள்ளுறான் இல்லையாம்.
களுவாஞ்சிக்குடியில் ஒருத்தன் மோட்டர் கட்டுவானாம்,
போன முறை ஏமாத்தினவன்தான், வேற ஆள் இல்லையாம்.
எடுத்ததைத் திரையில் காட்டினேன்.
திருவாசியை அவள் கவனிக்கவில்லை.
"எப்ப எடுத்தநீங்க?
நான் உங்களக் காணல்லயே."
கோபமில்லை. மிச்சக் காசு கேட்பது போல ஒரு குரல்.
எனக்குத்தான் கொடுக்கச் சில்லறை இல்லை.
மூக்குச் சொறியும் படத்தை
"இத அழிங்க" என்றாள். அழித்தேன்.
ஒன்றை அனுப்பச் சொல்லி நம்பர் தந்தாள்.

திங்கட்கிழமை ஐம்பதைத் திருப்பிக் கொடுத்தேன்.
மாமன்மாரின் முதுகுகள் வென்றன.
"நல்ல முடிவு" என்றார் ஜவ்பர்.
மற்றதைக் கொடுத்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்.
கண்ணாடியில் என் பெருவிரல் ரேகை இருந்தது.
ஊதித் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தார்.

வியாழன் இரவு, பற்றரிகள் சார்ஜில் கிடக்க,
குரல் செய்தி ஒன்று வந்தது.
"ஃபேன் சுத்துது கா.
ஆனா முந்தி மாதிரித் தலைய ஆட்டுதில்ல,
ஒரே பக்கம் பாத்துக்கொண்டு நிக்குது.
பரவால்ல,
நாங்க பாயத் தள்ளிப் போட்டுட்டம்."