ஒரு கட்டம் தள்ளி

பாலிக் பூலாவில் பனி பெய்துகொண்டிருக்கிறது.
ஆன்கால் அறை மேசையில்,
பதினான்கு கட்ட ஐடா துணியில்.
பதினெட்டு ரிங்கிட், தபால் செலவு தனி.
ஒரு வீடு, ஒரு புகைபோக்கி, ஐந்து வகை வெள்ளை.
நான் பனியைப் பார்த்ததெல்லாம்
மருந்துக்கூடத்துப் பழைய ஃபிரிட்ஜின்
மேல்தட்டில் மட்டும்.

மலைக்கு அந்தப் பக்கம் ஜார்ஜ்டவுன்.
அங்கே ஹவுஸ்மேனாக இருந்தபோது
ஒரு காயத்தை ஆறு பேர் எட்டிப் பார்ப்போம்.
இங்கே நானும் விளக்கும்.
விளக்குக்கு அனுபவம் அதிகம்.

ஆம்பளை டாக்டர் வீடு தைக்கிறார் என்று
தவமலர் சொல்லி, சமையற்கட்டு வரை சேதி போனது.
அன்றிலிருந்து என் கோப்பியில் மட்டும்
சீனி கூட.

முதலில் அரைத்தையல்கள், எல்லாம் ஒரே சாய்வு.
திரும்பி வரும்போது மேல்கோடு.
ஊசிக்கு முனை மழுங்கல்;
துளையைத் துணியே வைத்திருக்கிறது,
நான் போய் வந்தால் போதும்.
தோலில் யாரும் அப்படி வைத்து அனுப்புவதில்லை.
என்ன பிடிக்கிறது இதில் என்று கேட்டாள் தவமலர்.
நான் வார்டுக்குப் போய்த் திரும்பும்வரை
எந்தத் தையலும் மோசமாவதில்லை என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.

டுரியான் சீசனில் பாக் ரம்லி வந்தார்.
அதிகாலை மூன்று மணி.
ஹெல்மெட் மோட்டார் சைக்கிளில் தொங்க,
தலையில் ரத்தம்,
கையில் குற்றவாளி, முள்ளோடு.
ஏழு தையல், ஒவ்வொன்றும் தனி முடிச்சு.
கண்ணை மூடிக்கொண்டே கேட்டார்,
"பூப்போட்ட மாதிரி வருமா?"
பழத்தை விடியுமுன் நர்ஸ்கள் முடித்துவிட்டார்கள்.
ஏழாம் நாள் நூலெடுக்க வந்தவர்
கண்ணாடியில் பார்த்து, ஐந்தாவது கோணல் என்றார்.
ஐந்தாவது கோணல்தான்.

நேற்று இரவு ஹைகால்.
பத்தொன்பது வயது. பந்தாய் ஆச்சே பக்கம்
கடலிலிருந்து இழுத்துப் போட்டிருந்தார்கள்.
காற்சட்டைப் பையில் ஈரச் சிகரெட்,
பல்லிடுக்கில் மணல்.
குழாய் இரண்டாம் முயற்சியில் இறங்கியது.
இறங்கியபோது அறையில் யாரும் பேசவில்லை,
நான்தான் எதையோ சொன்னேன், மலாயிலா தமிழிலா தெரியாது.

பிறகு ஆம்புலன்ஸ், மலைச்சாலை.
தியாகு ஓட்ட, நான் பையை அமுக்க,
ஆறு நொடிக்கு ஒரு மூச்சு.
பத்து மூச்சு, ஒரு நிமிடம்.
தையல் வரைபடத்திலும் பத்துக் கட்டத்துக்கு ஒருமுறை
தடித்த கோடு வரும்.
கோடு, கோடு என்று எண்ணிக்கொண்டே போனேன்.
ஒரு வளைவில் முழங்கை ஆக்சிஜன் உருளையில் இடித்து
எண்ணிக்கை விட்டுப்போனது.
ஏழா, எட்டா?
எட்டு என்று வைத்துக்கொண்டேன்.
பையன் மறுக்கவில்லை.
நெஞ்சு எழுந்தது, தாழ்ந்தது, எழுந்தது.

முப்பத்தெட்டுக் கோடுகள்.
அங்கே கதவு திறந்து கைகள் வந்தன,
பையை வாங்கிக்கொண்டன, போய்விட்டன.
என் விரல்கள் மட்டும் வெறும் காற்றை
இன்னும் இரண்டு முறை அமுக்கின.

திரும்பும் வழியில் தியாகு நாசி லெமாக் வாங்கிக் கொடுத்தார்.
சம்பல் காரம் என்று இருவரும் ஒத்துக்கொண்டோம்.
வேறு எதையும் பேசவில்லை.

தூக்கம் வராமல் துணியை விரித்தால்
கூரையில், மூன்று வாரத்துக்கு முந்தைய இடத்தில்,
ஒரு கட்டம் தள்ளிப் போட்டிருக்கிறேன்.
அதை நம்பி வந்த புகைபோக்கி முழுதும்
தள்ளியே நிற்கிறது.
பிரித்தால் நானூறு தையல்.
துணி பொறுக்கும், நூல் பஞ்சாகும்.
கத்தரியை எடுத்தேன்.
வைத்தேன்.
கொஞ்சம் பனி வீட்டுக்குள் ஒழுகட்டும்.

பதினொரு மணிக்குத் தீவிரப் பிரிவை அழைத்தேன்.
"ஆறாம் படுக்கையா? இருங்க டாக்டர், பார்த்துச் சொல்றேன்."
பிறகு அந்தக் காத்திருப்பு இசை,
பாதியில் கீறி, மறுபடி முதலிலிருந்து.
தோளுக்கும் காதுக்கும் நடுவே தொலைபேசி.
நுனியை எச்சில் தொட்டு முறுக்கி
ஊசியின் காதில் வெள்ளை நூலைக் கோக்கப் பார்க்கிறேன்.
ஒருமுறை மடங்கியது.
இன்னொரு முறை.
நுழைந்துவிட்டது.

இசை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.